வெட்டப்படாத குழாய்

வீட்டுக்குப் பின்னால் கட்டிய கருங்கல் சுவர் வெளியே தள்ளுவதை முதலில் கண்டவர் என் மாமியார்தான். ஆடி மாதத்து மழை பத்து நாட்களாக விடாமல் பெய்துகொண்டிருந்தது. அடுப்படி வாசலில் நின்று சுவரைப் பார்த்தவர், "சுவருக்கு ஆறு மாசம் போல இருக்குதே!" என்றார். நான் சிரித்தேன். பிறகு குடையை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. நடுவில் ஒன்பதடி தூரத்துக்குச் சுவர் உண்மையாகவே வயிறு தள்ளியிருந்தது.

எங்கள் வீடு இலங்கை மலையகத்தில், கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் இடையில், மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்திய ஏழு பேர்ச்சஸ் காணியில் இருக்கிறது. அடுப்படிக்குப் பின்புறம் ஆறடி உயரத்துக்கு மண் செங்குத்தாக நிற்பதால், அதைத் தாங்குவதற்கு இருபத்திரண்டு அடி நீளத்தில் ஒரு சுவர் தேவைப்பட்டது. பங்குனி தொடங்கும் முன்னரே வேலை முடிந்தது. கூலி ஒரு லட்சத்து நாற்பத்தையாயிரம் ரூபா என்று வாயால் பேசி, ஒரு லட்சத்து இருபதாயிரத்தை மூன்று தவணையாகக் கொடுத்திருந்தேன். கல், மணல், சீமெந்து எல்லாம் எங்கள் செலவு. வேலை செய்த பாஸ், அதாவது கொத்தனார், எங்களுக்குத் தெரியாதவர் அல்லர். என் கணவரின் பெரியம்மா வழியில் ஏதோ ஒரு முறையில் உறவும்கூட.

மண்ணைத் தாங்கும் சுவர் பெரும்பாலும் மண்ணின் பாரத்தால் விழுவதில்லை, தண்ணீரால்தான் விழுகிறது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கிச் சுவரின் முதுகில் தேங்கும்போது, வெளியேற வழி இல்லாவிட்டால் அது சுவரையே தள்ளத் தொடங்கும். அதனால்தான் சுவரின் அடிப்பகுதியில் நாலைந்து அடிக்கு ஒன்றாகக் குழாய்த் துண்டுகளை வைத்து, அவற்றின் பின்னால் சல்லிக்கல் நிரப்புகிறார்கள். தேயிலைத் தோட்டத்துப் பாதையோரங்களில் நூறு வருடமாக நிற்கும் பழைய கல் அணைகளைப் பாருங்கள். பலவற்றில் சாந்தே கிடையாது, கல்லுக்குக் கல் இடைவெளி இருப்பதால் தண்ணீர் தானாக வடிந்துவிடுகிறது. எங்கள் சுவர் சீமெந்து பூசி அழகாக அடைக்கப்பட்டிருந்தது. ஒரு துளைகூட இல்லை.

பாஸிடம் தொலைபேசியில் சொன்னேன். மழை விட்டதும் வருகிறேன் என்றார். அடுத்த முறை, மண் சரியில்லை என்றார். அதற்கடுத்த முறை எடுக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் இத்தகைய பிணக்கு வந்தால் மக்கள் முதலில் போவது தோட்டத் தலைவரிடம், அடுத்துப் பொலிஸுக்கு. நானும் அந்த வரிசையைத் தவறாமல் பின்பற்றி மூன்று வாரத்தை வீணாக்கினேன். தலைவர், "சொந்தக்காரன் மேல கேஸ் போடுறதா டீச்சர்?" என்று கேட்டார். பொலிஸில் முறைப்பாட்டை எழுதிக்கொண்டார்களே தவிர, இது சிவில் விடயம், நாங்கள் தலையிட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அன்று எரிச்சலாக இருந்தாலும், அவர்கள் சொன்னது சரி. வாங்கிய பணத்துக்கு வேலையை மோசமாகச் செய்வது ஒப்பந்தத்தை மீறுவதே ஆகும். தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினாலன்றி அது குற்றமாகாது.

பிறகுதான் சட்டத்தை விசாரிக்கத் தொடங்கினேன். எழுத்தில் ஒன்றும் இல்லையே என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. காணி விற்பதற்குத்தான் எழுத்து கட்டாயம். கூலி பேசிச் செய்விக்கும் வேலைக்கு வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும் என்று எனக்குத் தெரிந்த சட்டத்தரணி ஒருவர் விளக்கினார். வித்தியாசம் காலத்தில் இருக்கிறது: 1871ஆம் ஆண்டின் காலவதிச் சட்டத்தின்படி எழுத்து ஒப்பந்தத்துக்கு வழக்குத் தொடர ஆறு வருடம், எழுத்தில்லாததற்கு மூன்று வருடம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதன் 2003ஆம் ஆண்டுச் சட்டம், சேவை வழங்கும் வியாபாரி உரிய கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்வதாக வாக்களித்ததாகவே கருதப்படுவார் என்று சொல்வதை நான் அதுவரை அறிந்ததில்லை. அங்கே முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தலைவரையும் பொலிஸையும் குறை சொல்ல முடியாது, மழை வருமுன்பே எனக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது.

மிஞ்சியது, பிணக்குகளைப் பேசித் தீர்த்துவைக்கும் மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இந்தச் சபைக்கு, சட்டம் குறிப்பிடும் தொகைக்கு உட்பட்ட பணப் பிணக்குகள் முதலில் போயே ஆக வேண்டும். அங்கே இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் வழக்கை ஏற்காது. அங்கே நமக்காகச் சட்டத்தரணி தோன்றவும் முடியாது. என் தம்பிக்கு இது பிடிக்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. சட்டத்தரணிக்குக் கொடுக்கும் காசில் பாதிச் சுவரை நானே கட்டிவிடலாம்.

விண்ணப்பம் கொடுத்துவிட்டுச் சாட்சியத்தைச் சேர்த்தேன். சுவரின் உச்சியில் ஆறங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒரு கம்பைப் பதித்து, அதன் நுனியிலிருந்து நூலில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டேன். நேரான சுவராக இருந்தால் நூலுக்கும் சுவருக்கும் இடையில் மேலிருந்து கீழ்வரை ஆறங்குலம் இருக்க வேண்டும். நடுவில் நான்கங்குலம்தான் இருந்தது. பாடசாலை அடிமட்டத்தை அந்த இடைவெளியில் வைத்துப் படமெடுத்தேன். பன்னிரண்டு நாள் கழித்து அதே இடத்தில், அதே அடிமட்டத்தோடு எடுத்தபோது மூன்றரை. பணம் கொடுத்த நாட்களைக் குறித்த கொப்பி இருந்தது. பாஸ் வட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் செய்திகளையும் அழிக்காமல் வைத்திருந்தேன்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய சாட்சி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிடந்தது. துளைகளுக்கென்று பாஸ் எழுதிக் கொடுத்த துண்டின்படி வாங்கிய இரண்டங்குல பிவிசி குழாய், பதின்மூன்றடி நீளம், ஒரு வெட்டும் படாமல், கடையின் விலைச் சீட்டைச் செலோடேப்பில் ஒட்டியபடி பாசி பிடித்துக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு பாடசாலை மண்டபத்தில் சபை கூடியது. மத்தியஸ்தராக நான் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரைத் தெரிவு செய்தேன். பாஸ் ஓய்வுபெற்ற தோட்டக் கிளாக்கர் ஒருவரைச் சொன்னார். அவர்கள் இருவரும் சேர்ந்து, தமிழ் நன்றாகப் பேசும் சிங்களத் தாதி ஒருவரைத் தலைவராக்கினார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் சிறிய மேசையில் முழங்கால் இடிக்க அமர்ந்து, நான் படங்களையும் கொப்பியையும் விலைச் சீட்டையும் பரப்பினேன்.

பாஸ் எதையும் மறுக்கவில்லை. "ஐயா, குழாய் வாங்கச் சொன்னது நான்தான். ஆனா டீச்சரோட வீட்டுக்காரர்தான் அடுப்படிப் பக்கம் தண்ணி வந்து சேறாகும், ஓட்டை வேணாம்னு சொன்னாரு" என்றார்.

நான் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வாரமாக நான் தலைவரிடமும் பொலிஸிலும் சட்டத்தரணியிடமும் சொல்லிக்கொண்டிருந்த கதையில் இந்த ஒரு வரி இல்லை.

கிளாக்கர் ஐயாதான் பேசினார். "அவரு சொன்னாருதான். சொல்றவருக்குக் கல்லு வேலை தெரியுமா? பாஸ் யாரு, நீங்களா அவரா?" பாஸ் தலையைக் குனிந்துகொண்டார். சட்டத்தரணி எனக்குச் சட்டமாக விளக்கிய திறமையும் கவனமும் என்பது இதுதான்: தெரியாதவன் தப்பாகக் கேட்டால் தெரிந்தவன் மறுக்க வேண்டும், குறைந்தது எச்சரிக்கவாவது வேண்டும். அதே நேரம் தாதி அம்மா எங்கள் பக்கமும் திரும்பி, வீட்டுக்காரர் சொன்ன சொல்லுக்கும் ஒரு விலை உண்டு என்றார். நியாயம்தான். முழுச் சுவரையும் பாஸ் தன் செலவில் கட்டித்தர வேண்டும் என்ற என் கோரிக்கையை நானே கைவிட்டேன்.

எழுதிக் கையொப்பமிட்டது இவ்வளவுதான்: தள்ளிய ஒன்பதடியைப் பிரித்து, பின்னால் சல்லி நிரப்பி, குழாய் வைத்துக் கட்டுவதற்குப் பாஸ் கூலி வாங்கமாட்டார், மற்றப் பகுதிக்கும் அடியில் துளை போட்டுத் தருவார், சீமெந்தும் சல்லியும் நாங்கள் வாங்க வேண்டும், மீதி இருபத்தையாயிரம் ரூபாவை அடுத்த பெருமழைக்குப் பிறகு கொடுக்க வேண்டும். கடைசி நிபந்தனை நான் கேட்டது. எழுதியபடி ஒருவர் நடக்காவிட்டால் அவரைப் பிடித்திழுத்துச் செய்விக்கும் அதிகாரம் சபைக்கு இல்லை என்பதால், கையில் ஏதாவது இருக்கட்டும் என்று நினைத்தேன்.

புரட்டாதியில் வெயில் வந்த வாரத்தில் பாஸ் தன் மகனோடு வந்தார். நான்கு நாள் வேலை. அந்தக் குழாயை இஸ்தோப்பில் வைத்து அரிவாளால் துண்டு துண்டாக வெட்டியது என் கணவர்தான். யாரும் கேட்கவில்லை, அவராகவே செய்தார். பாஸ் அவரோடு பேசவில்லை. என் மாமியார் கொடுத்த பிளேன்டீயை மட்டும் குடித்தார்.

ஐப்பசி மழை மூன்று நாள் கொட்டியது. ஐந்து குழாய்களில் மூன்றிலிருந்து முதலில் சிவந்த சேற்று நீரும் பிறகு தெளிந்த நீரும் ஒழுகின. அடுப்படி வாசல் சேறாகத்தான் ஆனது, அதில் என் கணவர் சொன்னது தப்பில்லை. மறு ஞாயிறு பாஸ் வந்து, ஒவ்வொரு குழாய்க்குள்ளும் விரலை விட்டுப் பார்த்தார். ஒழுகாத இரண்டில் ஒன்றிலிருந்து ஒரு சிறு கல்லை நெம்பி எடுத்தார். அதன் பிறகு பணத்தை வாங்கி, எண்ணாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, என் கொப்பியில் கையொப்பம் போட்டார்.