மோஷியில் காலை ஏழு மணி என்றால் ஒன்று

தான்சானியாவுக்குத் தன்னார்வலராகப் போகிறவர்களை முதல் நாளே கவிழ்ப்பது கடிகாரம்தான். கிளிமஞ்சாரோ அடிவாரத்து மோஷியில் ஒரு பள்ளிக்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். தலைமையாசிரியர் "நாளைக்கு ஸா ததூ வாங்க" என்கிறார். ஸா என்றால் மணி, ததூ என்றால் மூன்று. மத்தியானம் மூன்று மணிக்குப் போய் நின்றால் பள்ளி கலைந்துகொண்டிருக்கும். அவர் சொன்னது காலை ஒன்பது மணி.

அங்கே பேசும் ஸ்வாஹிலி மொழிக் கணக்கில் விடிந்த பிறகுதான் மணி எண்ண ஆரம்பிப்பார்கள். காலை ஏழு மணிதான் 'ஸா மோஜா', அதாவது ஒரு மணி. நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் வருடம் பூராவும் ஆறு, ஆறரைக்குள் விடிந்துவிடும், கணக்கு பிசகாது. சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய ஊர்க்காரர்களுக்கு இது அதிசயமும் இல்லை.

மனதுக்குள் ஆறைக் கூட்டிக் கழித்துத் தடுமாற வேண்டாம். முள் கடிகாரத்தைப் பாருங்கள். சின்ன முள் நிற்கும் எண்ணுக்கு நேர் எதிரே இருப்பதுதான் ஸ்வாஹிலி மணி. ஒன்பதுக்கு எதிரே மூன்று, எட்டுக்கு எதிரே இரண்டு. பஸ் டிக்கெட் விஷயத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். 12 மணி என்று எழுதியிருந்தால் அது நடுப்பகலா, விடிகாலை ஆறா என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஸ்வாஹிலி மணியா, ஆங்கில மணியா என்ற கேள்வியை யாரும் அங்கே தப்பாக நினைப்பதில்லை.

அடுத்தது வணக்கம். வயதில் மூத்தவரைக் கண்டால் 'ஷிகமூ' சொல்ல வேண்டும். அவர் 'மரஹபா' என்பார். சம வயதுக்காரர்களுக்குள் 'மாம்போ' என்று கேட்டால் 'போவா' என்பது பதில். வீட்டு வாசலில் நின்று 'ஹோதி' என்று குரல் கொடுத்து, உள்ளேயிருந்து 'கரிபு' வந்த பிறகே காலெடுத்து வைக்க வேண்டும். அலுவலகத்தில் நுழைந்ததும் "அந்த ஃபைல் எங்கே?" என்று ஆரம்பிப்பவரை முகம் தெரியாதவராகவே நடத்துவார்கள். உடம்பு எப்படி, வீடு எப்படி, ராத்திரி தூக்கம் எப்படி என்று மூன்று விசாரிப்பு முடிந்துதான் வேலைப் பேச்சு. முதல் வாரத்தில் உருப்படியான வேலை எதுவும் கையில் தரமாட்டார்கள். அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கவும், பெயர்களைப் படித்துக்கொள்ளவுமான நாட்கள் அவை. நம்மை 'ம்ஹிந்தி' என்பார்கள். இந்தியர் என்று அர்த்தம், வசவு இல்லை.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சுற்றுலா விசாவில் தன்னார்வ வேலை செய்வது சட்டப்படி குற்றம். உங்களை அழைக்கும் அமைப்பு 'சி' வகைக் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதைப் பற்றி மழுப்பும் அமைப்போடு போகாதீர்கள். அடிஸ் அபாபா, நைரோபி வழியாகப் போய் அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். சென்னைக்காரர்களுக்குக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்தே சான்றிதழ் செல்லும். அதற்குப் பிறகு ஆயுளுக்கும் ஒன்றே போதும். பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜூன் 1 முதல் தடை இருக்கிறது. ஊறுகாய் பாட்டிலைச் சுற்றிய கேரி பேக்கை விமானத்திலேயே விட்டுவிடுங்கள்.

டாலர் கொண்டுபோனால் 50, 100 நோட்டுகளாக, மடிப்பும் மைக்கறையும் இல்லாமல் பார்த்து வாங்குங்கள். 2006க்கு முந்தைய நோட்டைப் பெரும்பாலும் தள்ளிவிடுவார்கள். அன்றாடச் செலவு ஷில்லிங்கில்தான், அதிலும் ஒரு பகுதி செல்பேசியில். சிம் வாங்கப் பாஸ்போர்ட்டும் கைரேகையும் வேண்டும். தெருவில் விற்பவரிடம் வாங்காமல் நிறுவனத்தின் கடையிலேயே வாங்கி, அங்கேயே எம்-பெசா என்ற செல்பேசிப் பணக் கணக்கையும் திறந்துகொள்ளுங்கள். பணம் போட, எடுக்க, தெருவுக்குத் தெரு 'வகாலா' எனப்படும் முகவர் பெட்டிக்கடை இருக்கும். *150*00# அழுத்தி முகவர் எண், தொகை, ரகசிய எண் கொடுத்தால் கையில் காசு. கட்டணம் தனியாகப் பிடிப்பார்கள் என்பதால் கணக்கில் இருப்பதை அப்படியே முழுசாக எடுக்க முடியாது.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டியதில்லை. உகாலி என்பது மக்காச்சோள மாவில் கிண்டிய களி. கேழ்வரகுக் களி கிண்டிய கைக்கு இது புதிதல்ல. தண்ணீர் கொதித்ததும் கொஞ்சம் மாவைக் கரைத்து ஊற்றிக் கஞ்சியாக்கி, பிறகு மீதி மாவைப் பிடிபிடியாகப் போட்டு 'ம்விகோ' என்ற மரத்துடுப்பால் பாத்திர ஓரத்தில் அழுத்தி அழுத்திக் கிண்டுவார்கள். மாவை ஒரே தடவையில் கொட்டினால் கட்டி தட்டும். நடுவில் பச்சை மாவு நிற்கும். ஓரம் விட்டு உருண்டு வந்தால் பதம். கையில் சின்ன உருண்டை பிடித்து, கட்டைவிரலால் குழி செய்து, அதில் கீரையை அள்ளிச் சாப்பிட வேண்டும். 'ம்சிச்சா' நம் முளைக்கீரையின் உறவுதான். சைவக்காரர்கள் "நியாமா வேண்டாம்" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் தட்டில் மீன் வரும், ஏனென்றால் நியாமா என்றால் ஆடு, மாட்டிறைச்சி என்றே எடுத்துக்கொள்வார்கள். மீனுக்கு 'ஸமாகி', கோழிக்கு 'குக்கு'. மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். குழம்பு எதில் வெந்தது என்றும் கேளுங்கள்.

மலேரியா மாத்திரையை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு ஆரம்பித்துவிட வேண்டும். டாக்ஸிசைக்ளின் என்றால் தினமும் ஒன்று, திரும்பி வந்த பிறகும் நான்கு வாரம். நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருங்கள்; இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். வெயிலில் தோலும் சீக்கிரம் கருகும். மாத்திரை போட்டாலும் கொசுவலையை விட வேண்டாம், காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை.

கடைசியாக மின்சாரமும் துணியும். பிளக் பாயிண்ட் சதுர முனை மூன்றுள்ள பிரிட்டிஷ் வகை. நம் வட்ட முனை நுழையாது. மின்னழுத்தம் நம்முடையதேதான். எனவே ஒரே ஒரு அடாப்டரும், ஊரிலிருந்து ஒரு நான்கு பாயிண்ட் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் எடுத்துப் போனால் எல்லாம் ஓடும். மீட்டர் பெயர் 'லூகு', முன்பணம் கட்டினால்தான் விளக்கு. செல்பேசியில் பணம் கட்டியதும் 20 இலக்க எண் குறுஞ்செய்தியில் வரும். அதை மீட்டரில் ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும். மாதத்தின் முதல் ரீசார்ஜில் யூனிட் குறைவாக ஏறியிருந்தால் வீட்டுக்காரரிடம் சண்டை வேண்டாம்; 2021 முதல் சொத்து வரியையும் அதிலேயே பிடிக்கிறார்கள்.

துணியைக் கொடியில் காயப்போட்டால் ஒருவகை ஈ ஈரத் தையல்களில் முட்டை வைத்துவிட்டுப் போகும். புழு தோலுக்குள் புகுந்து கொப்புளமாகும், நடுவில் ஒரு சின்ன மூச்சுத் துளையோடு. அதைப் பிதுக்காமல் வாஸ்லைன் தடவித் துளையை அடைத்தால் புழு மூச்சுக்குத் தவித்து வெளியே வரப் பார்க்கும். வராமல் தடுக்க நல்ல வழி சூடான இஸ்திரி: உள்ளாடை, துண்டு, தலையணை உறை உட்பட இரண்டு பக்கமும், தையல் ஓரங்களில் அழுத்தி. இஸ்திரிப் பெட்டி யூனிட்டை விழுங்கும். துவைக்கும் நாளுக்கு முந்தின சாயங்காலமே லூகு போட்டு வையுங்கள்.