பந்தலூர் பாட்டி

ஊட்டியிலிருந்து பந்தலூர் போக வழி, செலவு எல்லாம் வரிசையாக எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். நேற்று இரவுதான் வீடு திரும்பினேன். மனசு முழுக்க அந்தப் பாட்டிதான்.

வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நடுவட்டத்தில் பிடித்த மழை, பஸ் ஜன்னல் ஷட்டர் இறங்கவே இல்லை, இடது தோள் முழுக்க நனைந்துவிட்டது. கூடலூரில் கப்பையும் மத்திக் குழம்பும் சாப்பிட்ட பிறகுதான் உயிர் வந்தது. 90 ரூபாய், தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் பந்தலூரில் நாலு கிலோமீட்டருக்கு ஆட்டோவுக்கு 350 ரூபாய் கேட்டது அநியாயம். மழையில் வேறு வழியில்லை, கொடுத்தேன். ஒரு நாள் சாப்பாட்டுக் காசு அது.

அங்கே வேலை பார்க்கும் தோழி பணியர் என்ற பழங்குடி மக்களின் குடியிருப்புக்குக் கூட்டிப் போனாள். பாட்டிக்கு எண்பது வயதிருக்கும். காதில் மெழுகில் குன்றிமணி பதித்த தோடு. அவர் பணிய மொழியில் சொல்லச் சொல்ல, தோழி தமிழில் சொன்னாள்.

பாட்டியின் அம்மா வயநாட்டில் பண்ணையடிமை. மானந்தவாடி பக்கத்து வள்ளியூர்க்காவு கோயில் திருவிழாவில்தான் ஜன்மிகள், அதாவது நிலச்சுவான்தார்கள், முன்பணம் கொடுத்துப் பணியர்களை வருஷக் கணக்குக்குப் பிடிப்பார்கள். கூலி நெல்தான். அடிமை மேல் உரிமை கோரினால் நீதிமன்றம் ஏற்கக்கூடாது என்று 1843-லேயே சட்டம் வந்துவிட்டது. காவில் ஆள் பிடிப்பதோ 1970கள் வரை நடந்தது!

ஒரு நாள் விடியுமுன் அந்த அம்மா அடுப்பில் பச்சை விறகைத் திணித்துவிட்டுக் கிளம்பிவிட்டாராம். குடிசையில் புகை வந்தால் ஆள் இருக்கிறது என்றுதானே நினைப்பார்கள். காட்டுவழியாகவே நடந்து பந்தலூர் பக்கம் வந்து சேர்ந்திருக்கிறார். அத்தோடு நிற்கவில்லை. அடுத்த திருவிழாவுக்கு அதே காவுக்குத் திரும்பிப் போய், கூட்டத்தோடு கூட்டமாகத் தங்கையையும் கூட்டி வந்துவிட்டார். பிடிபட்டிருந்தால்?

1849-ல் அடிமைத்தனத்திலிருந்து தப்பி, திரும்பத் திரும்பப் போய் எழுபது அடிமைகள் வரை மீட்ட அமெரிக்காவின் ஹாரியட் டப்மேனை நமக்குத் தெரியும். இந்த அம்மாவின் பெயர் அந்தக் குடியிருப்பைத் தாண்டி யாருக்கும் தெரியாது. எனக்கு ஆத்திரமாக வந்தது. பாட்டியின் வயதில் அங்கே இன்னும் மூன்று பேர்தான் இருக்கிறார்கள்.

அவர்கள் சம்மதித்தால் குரலைப் பதிவு செய்யலாம் என்று தோழியிடம் பேசியிருக்கிறேன். மார்ச்சில் வள்ளியூர்க்காவு திருவிழாவுக்கும் போகிறேன். கூடலூர்ப் பக்கமிருந்து யாராவது வந்தால் வண்டிச் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். பணிய மொழி தெரிந்தவர் என்றால் செலவு முழுவதும் என்னுடையது.