அப்பா பெயரில் வந்த அழைப்புகள்

2024 டிசம்பர். பிட்காயின் ஒரு லட்சம் டாலரைத் தாண்டிவிட்டதென்று டிவியில் ஓடிக்கொண்டிருந்த வாரம். அச்சகத்தில் உட்கார்ந்து ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு ப்ரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. என் அப்பா பெயருக்கு முன்னால் 'மிஸ்டர்' போட்டு, அவர்தானே பேசுவது என்று ஆங்கிலத்தில் ஒரு குரல்.

அப்பா போய்ச் சேர்ந்து பதிமூன்று வருஷம். திக்கென்றது. அப்புறம்தான் விளங்கியது, அவன் கேட்பது என்னை. நமக்கு இனிஷியல்தான் வழக்கம். பான் கார்டு விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கு என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் அப்பா பெயரை எழுதிக் கொடுத்துவிடுவோம். ஈரோட்டில் என்னை அப்படிக் கூப்பிட ஒரு ஆள் கிடையாது. பான் கார்டைப் பார்த்தவன்தான் கூப்பிட முடியும்.

நான் கணக்கு வைத்திருக்கும் கிரிப்டோ எக்ஸ்சேஞ்சின், அதாவது பிட்காயின் மாதிரி காயின்களை வாங்கி விற்கும் தளத்தின், பெயரைச் சொன்னான். குவாஹாத்தியிலிருந்து யாரோ என் காயினை வெளியே எடுக்கப் பார்ப்பதாகவும், நிறுத்த வேண்டுமானால் இப்போது வரும் ஓடிபியைச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னான். சொன்ன மாதிரியே ஓடிபி வந்தது. அதுவும் எக்ஸ்சேஞ்சிலிருந்து வழக்கமாக வரும் அதே எஸ்எம்எஸ் வரிசையில். நான் நம்பியது அதனால்தான். முதல் இரண்டு எண்களை வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன்.

அந்த நேரத்தில் டிடிபி பையன் உள்ளே வந்து, "அண்ணா, முகூர்த்தம் ஆறு டு ஏழரையா, ஒம்போது டு பத்தரையா?" என்றான். அவனுக்குப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பி மெசேஜைப் பார்த்தால், இரண்டாவது வரியில் 'பாஸ்வேர்டு மாற்றுவதற்கான ஓடிபி' என்று இருக்கிறது. 'மறந்துவிட்டேன்' பட்டனை அவன் அங்கே அழுத்தியிருக்கிறான், மெசேஜ் எனக்கு வந்திருக்கிறது. வித்தை அவ்வளவுதான். போனை வைத்துவிட்டேன். அந்தக் கல்யாண வீட்டுக்காரருக்குப் பத்திரிகையில் ஐந்து சதவீதம் தள்ளுபடி கொடுத்தேன், ஏனென்று அவருக்குத் தெரியாது.

அன்று ராத்திரி அச்சகத்தைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்தேன். 2021இல் எல்லோரும் வாங்கியபோது நானும் வாங்கிய காயின்தான். எவ்வளவு என்று இங்கேயும் சொல்லப் போவதில்லை. முதலில் பாஸ்வேர்டை மாற்றினேன். எஸ்எம்எஸ் ஓடிபியை எடுத்துவிட்டு, போனுக்குள்ளேயே ஓடிபி காட்டும் ஆத்தென்டிகேட்டர் ஆப்பைப் போட்டேன். அப்படியே செட்டிங்க்ஸில் கீழே போனால் ஏபிஐ கீ என்ற இடத்தில், வேறொரு தளம் நம் கணக்கைப் பார்க்க நாம் கொடுக்கும் சாவி ஒன்று உயிரோடு இருக்கிறது. 2022 ஜூலையிலிருந்து ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு சதவீத டிடிஎஸ் என்ற வரிப் பிடித்தம் வந்ததே, அதற்கும் முப்பது சதவீத வரிக்கும் கணக்குப் பார்க்கத் தலை சுற்றி, ஒரு வரிக்கணக்கு இணையதளத்துக்கு நான் கொடுத்த சாவி அது. கொடுத்ததையே மறந்துவிட்டேன். வாங்கியது, விற்றது, மீதி எல்லாமே இத்தனை நாள் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. அழித்தேன்.

விவரம் எங்கிருந்து போனது என்பதற்கு ஒரு தடயம் இருந்தது. கிரிப்டோவுக்கென்று தனியாக ஒரு மெயில் ஐடி வைத்திருந்தேன். எக்ஸ்சேஞ்ச், வரிக்கணக்குத் தளம், இந்த இரண்டு இடம் தவிர அதை எங்கும் கொடுத்ததில்லை. அதற்கும் அந்த வாரமே போலி மெயில்கள் வர ஆரம்பித்தன. ஆக, இரண்டில் ஒன்று. இரண்டு பேருக்கும் எழுதிக் கேட்டேன். ஒருவர் 'உங்கள் பாதுகாப்பே எங்கள் முதல் கடமை' என்று பதில் போட்டார். இன்னொருவர் பதிலே போடவில்லை. எந்த வழியாகப் போனதென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வேலைக்கு இருப்பவனே விற்றிருக்கலாம். அமெரிக்காவின் காயின்பேஸ் எக்ஸ்சேஞ்சில் அதுதான் நடந்ததென்று 2025 மே மாதம் வெளியே தெரிந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளர் சேவை ஆட்களுக்கு லஞ்சம் கொடுத்து விவரங்களை வாங்கி, பிறகு கம்பெனியையே இரண்டு கோடி டாலர் கேட்டு மிரட்டினார்கள்.

பத்து நாள் கழித்து அடுத்த அழைப்பு. இந்தத் தடவை வருமான வரி அலுவலகமாம். கிரிப்டோ டிடிஎஸ்ஸுக்கான 194எஸ் பிரிவு, கணக்கு பொருந்தவில்லை, இன்று மாலைக்குள் கட்டாவிட்டால் கணக்கு முடக்கம். உண்மையைச் சொன்னால் முதல் அழைப்பைவிட இதற்குத்தான் அதிகமாக வியர்த்தது. நம் கணக்கு சுத்தமாக இருந்தாலும் அந்தப் பெயரைக் கேட்டால் வயிறு கலங்கத்தான் செய்கிறது. ஆடிட்டரிடம் ஓடினேன். அவர் காபியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "வருமான வரிக்காரன் லெட்டர்லதான் மிரட்டுவானுங்க. அதுல டின்னுன்னு ஒரு நம்பர் இருக்கோணும்" என்றார். 2019 அக்டோபரிலிருந்து துறையின் கடிதங்களில் அந்த ஆவண எண் இருக்கும். இ-ஃபைலிங் தளத்தில் அதைப் போட்டு, நோட்டீஸ் நிஜமா என்று நாமே பார்த்துக்கொள்ளலாம். என்னிடம் எண்ணும் இல்லை, நோட்டீஸும் இல்லை. அங்கேயே, நம்மைப் பற்றித் துறைக்குப் போன விவரங்களைக் காட்டும் ஏஐஎஸ் அறிக்கையைத் திறந்து காட்டினார். எக்ஸ்சேஞ்ச் பிடித்த டிடிஎஸ் வரிவரியாக இருந்தது, எல்லாம் நான் ரிட்டர்னில் காட்டியதுதான்.

மூன்றாவது அழைப்பு எனக்கு வரவில்லை. வீட்டுக்காரிக்கு வந்தது.

மத்தியானம் சாப்பிடப் போனேன். சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "ஏனுங்க, பிட்காயின்னா என்னங்க? நம்மகிட்ட இருக்குதுங்களா?"

சிபிஐ என்று ஒருவன் வீடியோ காலில் வந்தானாம், போலீஸ் உடுப்பில். உன் புருஷன் பிட்காயினில் கறுப்புப் பணம் மாற்றியிருக்கிறான், கேமராவை அணைக்காதே, அவனிடம் சொல்லாதே என்றானாம். பிரதமரே 2024 அக்டோபரில் வானொலிப் பேச்சில் எச்சரித்த 'டிஜிட்டல் அரெஸ்ட்' தான். அவள் அந்தப் பேச்சைக் கேட்டவள் அல்ல. "உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னான் பாருங்க, அப்பவே கட் பண்ணிட்டேன்" என்றாள்.

அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஊர் பேர் தெரியாத ஒருவனுக்கு என் கையிருப்பு தெரிந்திருக்கிறது, கூட இருக்கிறவளுக்குத் தெரியவில்லை. மச்சானிடம் ஒரு தடவை டீக்கடையில் பெருமை அடித்திருக்கிறேன், இவளிடம் மூச்சு விட்டதில்லை. விலை இறங்கினால் திட்டு விழும் என்ற பயம்தான், வேறொன்றுமில்லை. எல்லாவற்றையும் திறந்து காட்டினேன். இரண்டு நாள் கேட்டதற்கு மட்டும் பதில் பேசினாள். மூன்றாம் நாள், "நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா நான் இதை எப்படி எடுக்கறது?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

புகார் விஷயத்துக்கு வருகிறேன். சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய்தேன். பணம் போயிருந்தால் அந்த எண்தான், அதுவும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பணம் போகவில்லை, சந்தேக அழைப்பு மட்டும்தான் என்றால் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்ற பகுதி இருக்கிறது. மூன்று எண்களையும் தேதி, நேரம், ஸ்கிரீன்ஷாட்டோடு அதில் ஏற்றினேன். பத்து நிமிஷ வேலை. அதே தளத்தில் நம் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்றும் பார்க்கலாம். எனக்கு நான்கு காட்டியது. என்னுடையது, அவளுடையது, அம்மாவுடையது, நான்காவது யாரென்று தெரியாமல் பதறினால், அது எப்போதோ வாங்கித் தூக்கிப்போட்ட இன்டர்நெட் டாங்கிள். 'தேவையில்லை' என்று குறித்தேன்.

அடுத்ததாக, போனைத் திருடி என் சிம்மை வேறு போனில் போட்டுக்கொள்வார்களோ என்ற பயம் பிடித்தது. எங்கோ படித்துவிட்டு சிம்முக்கு 'பின் நம்பர்' பூட்டுப் போடலாமென்று உட்கார்ந்தேன். முதலில் கம்பெனி வைத்த பழைய எண்ணைக் கேட்கும். தெரியாமல் ஊகித்து அடித்தேன். மூன்று தடவை தப்பானதும் சிம் பூட்டிக்கொண்டு, பியூகே என்ற திறப்பு எண்ணைக் கேட்டது. திருடனிடமிருந்து காப்பாற்றப் போய் நானே என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டேன். பிரப் ரோட்டில் கடைக்குப் போய் ஆதாரைக் காட்டி வரிசையில் நின்றதில் அரை நாள் போனது.

கடைசியில் ஆயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு பட்டன் போன், ஒரு புது சிம். வங்கிக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் மட்டும் அந்த எண். எண்ணை மாற்ற எக்ஸ்சேஞ்சில் இன்னொரு முறை செல்ஃபி, கையில் தேதி எழுதிய காகிதம், மூன்று நாளைக்குக் காயினை எடுக்கத் தடை. வெளியே போனது போதாதென்று மறுபடி முகத்தைக் கொடுக்கிறோமே என்று எரிச்சலாகத்தான் இருந்தது. வேறு வழியில்லை. அந்த போன் பீரோவில் சேலைக்கு அடியில் இருக்கிறது. தொண்ணூறு நாள் தொடாமல் விட்டால் சிம் செத்துவிடும் என்பதால் காலண்டரில் அவளே வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.

காயினை எக்ஸ்சேஞ்சில் விடாமல் ஹார்ட்வேர் வாலட்டுக்கு, அதாவது காயினின் சாவியை நம் கையிலேயே வைத்துக்கொள்ளும் சின்னக் கருவிக்கு, மாற்றலாமா என்று கேட்பீர்கள். யோசித்தேன். அதை விற்கும் லெட்ஜர் கம்பெனியிலேயே 2020இல் சுமார் 2,72,000 பேரின் பெயர், வீட்டு முகவரி, போன் எண் வெளியே வந்திருக்கிறது. சிலருக்குத் தபாலில் போலிக் கருவியே அனுப்பியிருக்கிறார்கள். 2025 ஜனவரியில் பிரான்சில் அந்தக் கம்பெனியை நிறுவியவர்களில் ஒருவரையே கடத்திப்போய் விரலை வெட்டினார்கள். அதைப் படித்த அன்று வாசல் கேட்டுக்குப் புதுப் பூட்டு வாங்கினேன். கடைசியில் வாலட்டும் வாங்கினேன், அச்சக முகவரிக்கு வரவழைத்து. கருவி தொலைந்தாலும் காயினைத் திரும்ப எடுக்க உதவும் மீட்புச் சொற்கள் இருபத்து நான்கையும் காகிதத்தில் எழுதி, எங்கே இருக்கிறதென்று அவளுக்கு மட்டும் சொல்லியிருக்கிறேன்.

பழைய எண்ணுக்கு அழைப்புகள் இன்னும் வருகின்றன, மாதத்துக்கு இரண்டு மூன்று. போன ஞாயிற்றுக்கிழமை நான் குளித்துக்கொண்டிருந்தபோது ஒன்று. அவள்தான் எடுத்தாள். அப்பா பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறான். "மாமனாருங்களா? அவரு 2011லயே போயிட்டாருங்களே" என்று அவள் சொன்னது குளியலறைக்குள்ளேயே கேட்டது. அவன் ஏதோ மன்னிப்பு கேட்டிருக்க வேண்டும். "பரவாயில்லீங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.