இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே

தொழிற்சாலை விபத்து அறிக்கைகளைச் செம்மைப்படுத்தும் பணியில், வாக்கியங்களைவிட அவற்றுக்கு இடையே எழுதப்படாமல் இருப்பதே எனக்கு அதிக வேலை வைக்கிறது. ‘வால்வு மூடப்பட்டது. குழாயில் அழுத்தம் உயர்ந்தது’ என்று ஒரு பொறியாளர் எழுதித் தருகிறார். இரண்டும் சரிபார்க்கப்பட்ட உண்மைகள். ஆனால் படிப்பவர் அவற்றைத் தனித்தனியே படிப்பதில்லை. மூடியதால்தான் உயர்ந்தது என்று தாமே முடிச்சுப் போட்டுக்கொள்கிறார். அறிக்கையில் எங்கும் இல்லாத அந்தக் காரணம், பொறுப்பு யாருடையது என்ற விசாரணை வரும்போது, எழுதப்பட்ட வாக்கியத்துக்கு நிகரான எடையைப் பெற்றுவிடுகிறது. ஆகவே, ‘காரணமா, நேர வரிசை மட்டுமா?’ என்று கேட்காமல் நான் அந்த இடத்தைக் கடப்பதில்லை.

வாசகரின் இந்தப் பழக்கத்தை மொழியியலாளர் ஜெர்ரி ஹாப்ஸ் 1979-இல் ஓர் எடுத்துக்காட்டால் விளக்கினார்: ஜான் பாரிஸிலிருந்து இஸ்தான்புல்லுக்கு ரயிலில் சென்றான், அவனுக்குக் கீரை பிடிக்கும். ‘அவன்’ என்ற சுட்டு இரண்டையும் இணைத்தாலும் பொருள் ஒட்டவில்லை. உடனே நாம், இஸ்தான்புல்லில் நல்ல கீரை கிடைக்குமோ என்று தேடத் தொடங்குகிறோம். ஒட்டும் இடத்திலோ இணைப்புச் சொல்லே வேண்டியதில்லை. ‘அகர முதல எழுத்தெல்லாம் ஆதி பகவன் முதற்றே உலகு’ என்பதில் உவம உருபு இல்லாததை இலக்கண வகுப்பில்தான் கவனிக்கிறோம்.

இதனால்தான் பத்திக்குப் பத்தி ‘மேலும்’ சேர்க்கும் திருத்தத்தை நான் ஏற்பதில்லை. தொடர்பற்ற இரண்டு செய்திகளை அந்தச் சொல் சேர்த்துவைக்காது; தொடர்புள்ளவற்றுக்கு அது தேவையுமில்லை.

அதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது, ஓட்டத்துக்காக வாக்கியங்களை வினையெச்சத்தால் இணைப்பது. ‘மின்சாரம் தடைப்பட்டது. இயந்திரம் நின்றது’ என்பதில் ஐயத்துக்குச் சற்றேனும் இடமுண்டு. ‘மின்சாரம் தடைப்பட்டு இயந்திரம் நின்றது’ என்று மாற்றியதும் அந்த இடம் ஏறக்குறைய அடைபட்டுவிடுகிறது. நடையைத் திருத்தியவர், அறியாமலேயே ஒரு தீர்ப்பை எழுதியிருக்கிறார். காரணம் உறுதியாகாதபோது நான் இரண்டையும் பிரித்தே வைத்து, ஒவ்வொன்றுக்கும் நேரத்தைக் குறித்து, ‘இவற்றுக்கிடையிலான தொடர்பு ஆய்வில் உள்ளது’ என்று வெளிப்படையாகச் சேர்க்கச் சொல்கிறேன். நடை சற்று முரடாகத்தான் இருக்கும். பொறியாளர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை, மேலாளர்கள் சிலர் முணுமுணுப்பார்கள்.