குறிஞ்சிக் குமரனும் நாங்களும்

பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போன தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் ஊரிலிருந்து ஒரே சைவத்தைக் கொண்டுபோகவில்லை. யாழ்ப்பாணத்து எங்களுக்குக் கோயில் என்றால் கந்தபுராணப் படிப்பு, கொடியேற்றம், தேர். மட்டக்களப்புக்காரருக்கு வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்கு. மலையகத் தேயிலைத் தோட்டப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு மாரியம்மன் திருவிழாவும் மாசியில் காமன் கூத்தும். இத்தனை பேரையும் ஒன்றாகக் கொண்டுவந்து நிறுத்தியது பல்கலைக்கழகத்துக் குறிஞ்சிக் குமரன் கோயிலும் இந்து மாணவர் சங்கமும்தான். குறிஞ்சி என்ற மலைநிலத்துக்குச் சேயோன், அதாவது முருகன், தெய்வம் என்கிறது தொல்காப்பியம். ஹந்தானை மலையடிவாரத்தில் இருப்பவனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது!

வெள்ளிக்கிழமை பின்னேரம் விரிவுரை முடிந்ததும் வேட்டியை மாற்றிக்கொண்டு ஏறிப் போவோம். பெண்கள் விடுதிகளிலிருந்து வருபவர்கள் முன்னரே வந்து மாலை கட்டிக்கொண்டிருப்பார்கள். பூசை முடியப் பஞ்சபுராணம். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்று வரிசை தவறாமல் ஆளுக்கொன்று பாட வேண்டும். முதல் மூன்றுக்கும் ஆள் தாராளம். திருப்பல்லாண்டு வரும்போதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். கடைசியில் திருப்புகழும் வாழ்த்தும். எங்கள் ஆண்டு மாணவர்களில் திருப்புகழுக்கென்றே ஒருவர் இருந்தார், பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர். கண்ணை மூடித் தொடையில் மெதுவாகத் தாளம் போட்டபடி பாடுவார். சந்தம் எவ்வளவு முறுக்கிக்கொண்டு போனாலும் தாளம் பிசகாது. சங்கீதம் படித்தவரல்லர். தோட்டத்துப் பஜனையில் தகப்பனாருக்குப் பக்கத்தில் இருந்து கேட்டே வந்த பாட்டு. அவரிடம் பாடம் கேட்க விடுதி அறையில் நாலைந்து பேர் கூடுவோம். சமய பாடத்தில் திறமைச் சித்தி எடுத்த எங்களுக்கு அங்கே கிடைத்தது வேறு படிப்பு.

நவராத்திரி, கந்தசஷ்டி எல்லாம் சிறப்பாகவே நடக்கும். ஆனால் எனக்குப் பெரிது சிவராத்திரிதான். நான்கு யாமமும் பூசை. மாசிப் பனியில் கை விறைக்கும், அதோடேயே சந்தனம் அரைக்க வேண்டும். மூன்றாம் யாமத்தில் நித்திரை கண்ணைச் சுழற்றும்போது யாராவது ஒருவர் சிவபுராணத்தைத் தொடங்கிவிடுவார். அப்புறம் முழுக் கோயிலும் சேர்ந்துகொள்ளும். மருத்துவபீடம், பொறியியற்பீடம், கலைப்பீடம் என்ற வேறுபாடோ சீனியர், ஜூனியர் என்ற இடைவெளியோ அந்த நேரத்தில் யாருக்கும் நினைவில் வராது. ஒரே குரலாக நாங்கள் இருந்த பொழுதுகள் அவை. கூட்டு வழிபாட்டின் பலம் என்னவென்று நான் அறிந்துகொண்டது அங்கேதான்.

சங்கம் வெளியிட்ட ‘இந்து தருமம்’ இதழையும் சொல்ல வேண்டும். கட்டுரை கேட்டு ஆசிரியர்களின் வீடுகளுக்கு நடப்பது, விளம்பரத்துக்காகக் கண்டிக் கடைகளில் ஏறி இறங்குவது, அச்சுப்படி திருத்துவது எல்லாம் மாணவர்கள் வேலை. சில இதழ்களை ‘நூலகம்’ என்ற இணையத்தளம் மின்வடிவில் பேணிவருகிறது. லண்டனிலோ ரொறன்ரோவிலோ சிட்னியிலோ உங்கள் பெட்டிக்குள் பழைய இதழ் ஏதும் கிடந்தால், அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, அவர்களுக்கு அனுப்பிவையுங்கள்.