சோக் எடுத்தால் ஆஃப் ஆகும் ஆர்எக்ஸ் 100: கார்புரேட்டரைப் பிரித்துப் பார்த்தது

குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோலைக் கூட்டித் தரும் சோக்கைப் போட்டால் ஸ்டார்ட் ஆகிறது, எடுத்தால் ஆஃப். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் இப்படியே இருந்தால், காற்றுக்குத் தேவையான பெட்ரோல் போகவில்லை என்று அர்த்தம். மழைக்காலம் முழுக்க மூடி வைத்திருந்த என் இரண்டு ஸ்ட்ரோக் யமஹா பைக்கான ஆர்எக்ஸ் 100-இல் இதுதான் நடந்தது. உற்பத்தி நின்று எத்தனையோ வருஷமான வண்டி, ரப்பரெல்லாம் பழசு. அதோடு எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தில் அதை அப்படியே விட்டு வைப்பது நல்லதில்லை.

பிரிப்பதற்கு முன் சோக் பற்றி ஒரு விஷயம். பல நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளில் அது காற்றை மறைக்கும் தகடு. இந்த வண்டியின் மிக்குனி கார்புரேட்டரில் அப்படி இல்லை. ஒரு சின்ன பிளஞ்சர் மேலே ஏறி, பெட்ரோலுக்கென்று தனி வழியைத் திறந்துவிடுகிறது. ஆக்சிலேட்டர் மூடியிருந்தால்தான் இன்ஜினின் உறிஞ்சல் அந்த வழியாக இழுக்கும். சோக்கையும் போட்டு, ஆக்சிலேட்டரையும் முறுக்கிக்கொண்டு கிக்கரை உதைத்தால் சோக் போட்டதற்குப் பலனே இல்லை. குளிர்ந்த இன்ஜினோடு காலையில் மல்லுக்கட்டுகிறவர்கள் கையை எடுத்துவிட்டு உதைத்துப் பாருங்கள்.

டேங்கின் டேப்பில் பெட்ரோல் தாராளமாக வந்தது. அதனால் நேராகக் கிண்ணத்தைக் கழற்றினேன். அடியில் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தது. ஆக்சிலேட்டர் மூடியிருக்கும்போது பெட்ரோல் விடும் சின்னத் துளையான பைலட் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியவே இல்லை. ஊசியால் குத்தக் கூடாது. பித்தளை கீறி ஓட்டை பெரிதானால் அப்புறம் எந்த டியூனிங்கும் நிற்காது. கிளீனரில் ஊறவைத்து, பழைய வயரிலிருந்து எடுத்த ஒற்றைச் செப்பு இழையை விட்டு எடுத்தேன். பக்கவாட்டுத் துளைகளையும் விடக் கூடாது. கடைசியில் நடுவே வட்டமாக ஒரு வெளிச்சப் புள்ளி தெரிந்தது. பாடியில் உள்ள பைலட் வழியிலும் காற்றடித்தேன்.

மாட்டியதும் சோக் இல்லாமலே ஓடியது. ஆனால் சூடானதும் ஸ்லோ, அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாதபோது இன்ஜின் ஓடும் வேகம், தானாக ஏறியது. ரேஸ் கொடுத்துவிட்டால் இறங்க நேரம் எடுத்தது. இது ஜெட் பிரச்சினை இல்லை, வேறெங்கிருந்தோ காற்று நுழைகிறது. கார்புரேட்டரையும் சிலிண்டரையும் இணைக்கும் ரப்பரைக் கழற்றி வளைத்ததும் உள்மடிப்பில் வெடிப்பு வாயைத் திறந்தது. சும்மா பார்த்தால் கண்ணில் படாது, வளைத்தால்தான் தெரியும். புதிய ரப்பரும் கேஸ்கட்டும் போட்டதும் ஸ்லோ அடங்கியது.

அதற்குப் பிறகுதான் சுவாரசியமான கட்டம். வண்டி இப்போது மந்தமாக, பெட்ரோல் வாடையோடு ஓடியது, ஸ்பார்க் பிளக் கறுப்பு. பெட்ரோல் அதிகமாகப் போகிறது. இவ்வளவு நாளும் காற்றுக் கசிவு மறைத்து வைத்திருந்த இன்னொரு குறை அது. சோக் பிளஞ்சரை வெளியே எடுத்தால், அடியிலுள்ள ரப்பர் கல்லாக இறுகி, உட்காரும் இடத்தில் வளையமாகப் பள்ளம் விழுந்திருந்தது. சோக் எடுத்த பிறகும் அந்த வழி முழுதாக மூடவில்லை. பிளஞ்சரையே மாற்றினேன். விலையும் அதிகமில்லை, பழைய ரப்பரைத் தேய்த்துச் சமாளிப்பது வீண்.

ஸ்லோவில் காற்றின் அளவை மாற்றும் ஏர் ஸ்க்ரூவை முழுதாக உள்ளே முறுக்கி, அழுத்தாமல், ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து ஆரம்பித்தேன். இது ஏர் ஃபில்டர் பக்கம் இருக்கும் ஸ்க்ரூ. உள்ளே போகப் போகக் கலவையில் பெட்ரோல் கூடும். இன்ஜின் பக்கம் ஸ்க்ரூ உள்ள கார்புரேட்டர்களில் இது தலைகீழ். சூடான இன்ஜினில் சத்தம் சீராகும் இடத்தில் நிறுத்திவிட்டு ஸ்லோவை வைக்கும் ஐடில் ஸ்க்ரூவைக் குறைத்தேன்.

இப்போது பிளக் காப்பிப்பொடி நிறத்துக்கு வந்திருக்கிறது. டேப்பை மூடாமல் நிறுத்தினால் மட்டும் ஓவர்ஃப்ளோ டியூபில் ஈரம் தெரிகிறது. கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை நிறுத்தும் மிதவை ஊசி தேய்ந்திருக்க வேண்டும். அடுத்து அதைத்தான் கழற்றப் போகிறேன்.