முல்தானி மட்டியில் தொடங்கிய மூன்று பெயர்கள்

ஜூன் 8, ஞாயிறு

தங்கை வாங்கி வைத்திருந்த முல்தானி மட்டி டப்பாவில், கீழே சின்ன எழுத்தில் 'ஃபுல்லர்ஸ் எர்த்' என்று அச்சிட்டிருந்தது. ஃபுல்லரின் மண். பெட்ரி தட்டு, புன்சன் அடுப்பு போல இதுவும் யாரோ ஒரு விஞ்ஞானியின் பெயராக இருக்கும் என்றுதான் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று அகராதியைப் புரட்டினால் அப்படி ஒரு ஆளே இல்லை. ஃபுல்லர் என்பது ஒரு தொழில்.

தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணி அப்படியே உடுத்தும்படி இருக்காது. ஆட்டின் கொழுப்பும் நூற்கும்போது தடவிய எண்ணெயும் அதில் ஊறிக் கிடக்கும்; இழைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரியும். அதைத் தொட்டியில் போட்டு, நாட்பட்ட சிறுநீரை ஊற்றி (அதிலுள்ள அம்மோனியா கொழுப்பைக் கரைக்கும்), பிறகு இந்த மண்ணைச் சேர்த்து மணிக்கணக்கில் காலால் மிதிப்பார்கள். எண்ணெயை மண் உறிஞ்சிக்கொள்ளும். கம்பளி மயிரின் மேலுள்ள செதில்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு துணி சுருங்கி, தடித்து, காற்றுப் புகாதபடி இறுகும். இந்த வேலையைச் செய்தவர் ஃபுல்லர். லத்தீனில் ஃபுல்லோ என்ற சொல்லிலிருந்து வந்தது.

இதுவரை சரி. ஆனால் அதே அகராதிப் பதிவின் அடியில் 'வாக்கர், டக்கர் ஆகியவற்றையும் காண்க' என்று ஒரு வரி. (டக்கர் என்றதும் நமக்குச் சிரிப்பு வரும், விட்டுவிடுவோம்.) மூன்றும் இன்று ஆங்கிலக் குடும்பப் பெயர்கள். மூன்றும் ஒரே தொழிலின் பெயர்கள். இடைக்கால இங்கிலாந்தில் தென்கிழக்கில் ஃபுல்லர் என்றார்கள், தென்மேற்கில் டக்கர் என்றார்கள், வடக்கிலும் நடுநாட்டிலும் வாக்கர் என்றார்கள்.

படித்ததை அப்படியே நம்புவதா, வரைந்து பார்ப்பதா? வரைந்தே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

தரவு கிடைப்பதில் சிரமமில்லை. 1881 ஏப்ரல் 3 அன்று பிரிட்டனில் எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் தன்னார்வலர்கள் வருடக்கணக்கில் உட்கார்ந்து முழுவதுமாகத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தும் வேல்ஸும் சேர்ந்து ஏறக்குறைய 2 கோடியே 60 லட்சம் பேர். குடும்பப் பெயர் ஆராய்ச்சி செய்பவர்களுக்கு இதுதான் முதல் வாசல். இரயில் வந்து ஒரு தலைமுறை ஆகியிருந்தாலும், பெரும்பாலான குடும்பங்கள் பாட்டன் ஊரைச் சுற்றியே இருந்த காலம் அது.

மூன்று பெயர்களுக்கும் மாவட்டவாரியாக எண்ணிக்கை எடுத்து, இலவச வரைபட மென்பொருளில் ஏற்றி, எண்ணிக்கை கூடக் கூட நிறம் அடர்வதுபோல் அமைத்தேன். மாலை ஆறு மணிக்கு மூன்று வரைபடங்களும் தயார். மூன்றிலும் லண்டன் பகுதி கருஞ்சிவப்பு, லங்காஷையர் சிவப்பு, மற்றவை வெளிறல். நான் வரைந்திருந்தது பெயர்களின் வரைபடம் அல்ல, கூட்டத்தின் வரைபடம். எங்கே ஆள் அதிகமோ அங்கே எல்லாப் பெயரும் அதிகம். எந்தப் பெயரைப் போட்டிருந்தாலும் இதே படம்தான் வந்திருக்கும்.

அடுத்த தவறு இன்னும் கேவலம். நான் இறக்கிய எல்லைக் கோப்பு இன்றைய மாவட்டங்களுடையது. 1974இல் இங்கிலாந்தின் மாவட்ட எல்லைகளைக் கலைத்துப் போட்டார்கள். ஏவன், கிளீவ்லாந்து, ஹம்பர்சைடு என்று புதிதாக உருவாக்கி, 1996இல் அவற்றையே எடுத்தும்விட்டார்கள். 1881இன் சாமர்செட்டை இன்றைய சாமர்செட்டில் பொருத்தினால் மேலே ஒரு துண்டு அநாதையாக நிற்கிறது. இரவு பதினொரு மணிக்குக் கணினியை மூடினேன்.

ஜூன் 22, ஞாயிறு

பழைய எல்லைகள் கொண்ட கோப்பு கிடைத்தது. எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஒவ்வொரு மாவட்டத்திலும் பத்தாயிரம் பேருக்கு எத்தனை பேர் என்று கணக்கிட்டேன். பொத்தானை அழுத்தினேன்.

டக்கர் வரைபடத்தில் டெவன் மட்டும் எரிந்தது. பக்கத்தில் சாமர்செட், கார்ன்வால். பிரிஸ்டல் கால்வாய்க்கு அப்பால் தெற்கு வேல்ஸில் ஒரு தீற்றல். அதற்கு வடக்கே ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். ஃபுல்லர் வரைபடம் நேர் எதிர்: சசெக்ஸ், கென்ட், சஃபோக், நார்ஃபோக் என்று கிழக்குக் கரையோரமாக ஏறுகிறது. வாக்கர் வரைபடத்தில் தெற்குப் பாதி வெளிறிப்போய், டார்பிஷையரில் தொடங்கி யார்க்ஷையர், டரம் வழியாக ஸ்காட்லாந்துக்குள் நுழைகிறது. நடுநாட்டின் தென் ஓரத்தில்தான் எல்லை மங்குகிறது.

மூன்று படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த வீடுகளில் 1881இல் யாரும் துணி மிதிக்கவில்லை. அந்த மூன்று சொற்களில் எதை எந்த ஊர் பேசியது என்பதும் மறந்துபோய் வெகுகாலம். ஆனாலும் எழுநூறு வருடத்துக்கு முந்தைய பேச்சுவழக்கு வாசல் பலகைகளில் அப்படியே உறைந்து நிற்கிறது.

உறைந்த காலமும் ஓரளவு தெரியும். 12, 13ஆம் நூற்றாண்டுகளில் 'வாக்கர்' என்றால் அந்த ஆள் உண்மையாகவே துணி மிதிப்பவர். 1377, 1379, 1381 ஆகிய வருடங்களில் போட்ட தலைவரிக்கான பட்டியல்களில் பெயர் ஒரு தொழிலும் பிழைப்பு வேறு தொழிலுமாக இருப்பவர்களைப் பார்க்க முடிகிறது. தகப்பனின் தொழில் மகனின் பெயராகி, மகன் வேறு வேலைக்குப் போய்விட்டான்.

என் பெயருக்கு முன்னால் நிற்பது அப்பாவின் பெயரின் முதலெழுத்து. என் பிள்ளைக்கு அது மாறிவிடும். வேல்ஸிலும் நெடுங்காலம் இதே கதைதான்: மகன் என்று பொருள்படும் 'ஆப்' என்ற சொல்லைப் போட்டுத் தகப்பன் பெயரைச் சேர்ப்பார்கள், தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அதனால் அங்கே தொழிற்பெயர்கள் குடும்பப் பெயராக அவ்வளவாக ஒட்டவில்லை. தொழில் மட்டும் ஊர்ப்பெயரில் ஒட்டிக்கொண்டது. டோனிபாண்டி என்ற சுரங்க ஊரின் பெயரில் உள்ள 'பாண்டி' நம் பாண்டியும் அல்ல, பாண்டியனும் அல்ல. கம்பளி மிதிக்கும் ஆலைக்கு வேல்ஸ் மொழியில் பெயர்.

ஜூன் 29, ஞாயிறு

இன்று வரைபடம் இல்லை, மிதிப்பு.

பீரோவின் அடியில் ஊட்டியில் வாங்கிய 'அசல் கம்பளி' சால்வை ஒன்று இருந்தது. ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினேன். உருகிச் சொட்டி, கறுப்பு மணியாக இறுகியது. பிளாஸ்டிக். அசல் கம்பளி என்றால் மயிர் கருகும் நாற்றம் வரவேண்டும், நசுக்கினால் சாம்பலாக உதிரவேண்டும். தாத்தாவின் பழைய முரட்டுக் கம்பளியில் அந்த நாற்றம் வந்தது. அம்மாவிடம் கேட்டு, எலி கடித்த பக்கமாக 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலத்தில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டேன்.

மாவு பிசையும் பெரிய பேசினில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர், சீவிய பார் சோப்பு, இரண்டு கரண்டி முல்தானி மட்டி. சிறுநீர் பற்றி வீட்டில் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. பேன்ட்டை மடித்துவிட்டு ஏறி நின்றேன்.

முதல் பத்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. துணி காலுக்கடியில் வழுக்கிக்கொண்டே இருந்தது. நேராக மிதித்தால் பயனில்லை, குதிகாலால் தள்ளிப் புரட்டி மறுபடி மிதிக்கவேண்டும் என்று கால்தான் கண்டுபிடித்தது. அப்போதுதான் அகராதியில் படித்த இன்னொன்று உறைத்தது. வாக்கர் என்ற பெயருக்கு வேரான பழைய ஆங்கில வினை 'வெயல்கன்'. அதற்கு நடப்பது என்பதல்ல பொருள், உருட்டுவது, புரட்டுவது. டக்கருக்கு வேரான 'டூசியன்' என்பதற்கோ வதைப்பது என்று பொருள். இருபதாவது நிமிடத்தில் கெண்டைக்கால் அந்தச் சொல்லின் பொருத்தத்தை ஒப்புக்கொண்டது.

அம்மா எட்டிப் பார்த்தார். "என்னடா இது, கம்பளிக்குப் பாத பூஜையா?"

நாற்பது நிமிடம் மிதித்து, அலசி, உதறி அளந்தேன். நீளம் 53, அகலம் 36. தூக்கிப் பிடித்தால் முன்போல் வெளிச்சம் தெரியவில்லை. நெசவின் கட்டம் மறைந்து ஓரங்கள் அலையலையாகச் சுருண்டிருந்தன. அந்தக் கால ஆட்கள் இந்தக் கட்டத்தில் துணியை மரச்சட்டத்தில் கொக்கி போட்டு இழுத்துக் கட்டி வெயிலில் காயவைப்பார்கள். தவிப்போடு காத்திருப்பதை ஆங்கிலத்தில் அந்தக் கொக்கிகளில் தொங்குவதாகச் சொல்வது இதிலிருந்து வந்ததுதான். நான் கொடியில் கிளிப் போட்டேன்.

நாற்பது நிமிடத்துக்கே இந்தப் பாடு என்றால், இயந்திரம் வந்ததில் வியப்பில்லை. நீர்ச்சக்கரத்தில் இயங்கும் மரச் சம்மட்டிகள் துணியை அடித்து இறுக்கும் ஆலைகள் இங்கிலாந்தில் 1185க்குள் வந்துவிட்டன. டெம்பிளர் வீரத்துறவிகளின் சொத்துக் கணக்கில் பதிவாகியிருக்கின்றன. அதாவது ஆறு மிதிக்கத் தொடங்கிய பிறகுதான் மனிதர்களுக்கு 'மிதிப்பவர்' என்ற குடும்பப் பெயரே நிலைத்தது. காலால் மிதிப்பது முற்றிலும் ஒழிந்துவிடவில்லை என்பதும் உண்மை. ஆலைகளின் பெயரும் பகுதிக்குப் பகுதி அதே மூன்றுதான்: வடக்கில் வாக் மில், தென்மேற்கில் டக்கிங் மில், தென்கிழக்கில் ஃபுல்லிங் மில். கார்ன்வாலில் டக்கிங்மில் என்றே ஓர் ஊர் இருக்கிறது. எக்ஸிடர் நகரில் 1471இல் கட்டிய டக்கர்ஸ் ஹால் இன்றும் நிற்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த தடயம் பாத் நகருக்கு அருகில் கிடைத்தது. 1815இல் இங்கிலாந்து முழுமைக்கும் நிலவியல் வரைபடம் வெளியிட்ட வில்லியம் ஸ்மித், 1798இல் அங்கே ஒரு வீடும் நிலமும் வாங்கினார். இடத்தின் பெயர் டக்கிங் மில். அந்தப் பக்கத்துப் பாறை அடுக்கு ஒன்றுக்கு நிலவியலில் நிலைத்த பெயரோ ஃபுல்லர்ஸ் எர்த். டக்கர்களின் நாட்டில், டக்கர்களின் ஆலை இருந்த பள்ளத்தாக்கில், மண்ணுக்கு மட்டும் ஃபுல்லரின் பெயர்!

ஜூலை 6, ஞாயிறு

இன்று எல்லை தாண்டினேன். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ்காரர்கள் 1998 வாக்காளர் பட்டியலை வைத்து இதே பெயர்களை வரைந்திருக்கிறார்கள். என் படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நூற்றுப் பதினேழு வருடம், இரண்டு உலகப் போர், மோட்டார் கார். நிறம் கொஞ்சம் நீர்த்திருக்கிறது. டக்கருக்கு இன்னும் டெவன்தான் வீடு.

கடல் கடந்த டக்கர்களும் கூட்டத்தோடுதான் போயிருக்கிறார்கள். டெவன், டார்செட் மீனவர்கள் குடியேறிய நியூஃபவுண்ட்லாந்தில் அந்தப் பெயர் சாதாரணம். பெர்முடாவில் 1616இல் ஆளுநராக வந்தவர் டேனியல் டக்கர்; டக்கர்ஸ் டவுன் என்று அங்கே ஓர் இடமே உண்டு.

வாக்கர் கதை வேறு. அமெரிக்காவில் 2010 கணக்கெடுப்பின்படி அந்தப் பெயருடையவர்கள் 5 லட்சத்துக்கும் மேல். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் கறுப்பினத்தவர். அவர்களில் பலரின் முன்னோர் அடிமைத்தளையில் இருந்தவர்கள். அவர்களுக்கு அந்தப் பெயர் வந்தது யார்க்ஷையர் ஓடைக்கரையிலிருந்து அல்ல. பண்ணை முதலாளியின் பெயராக, விடுதலைக்குப் பின் பதிவேட்டுக்காக எடுத்துக்கொண்ட பெயராக, இன்னும் பல வழிகளில். முடிக்கான பொருட்களை விற்றுச் செல்வந்தரான மேடம் சி. ஜே. வாக்கருக்கோ கணவர் வழியாக வந்தது. இங்கிலாந்து வரைபடத்தில் நிறத்தைப் பார்த்து 'வேர்' என்று சொல்லிவிடலாம். அமெரிக்க வரைபடத்தில் அப்படிச் சொன்னால் பொய்.

நம் ஊரில் வாக்கர் என்றால் எல்லாருக்கும் தெரிந்தவர் ஒருவர்தான்: பாட்டிலின் மேல் தொப்பியும் கைத்தடியுமாக நடக்கிறவர். கில்மார்னக் ஊரில் 1820இல் மளிகைக் கடை தொடங்கிய ஜான் வாக்கரின் பெயரை வைத்து, 1908இல் டாம் பிரவுன் என்ற ஓவியர் வரைந்த உருவம் அது. பெயரைக் கேட்டு நடக்கவிட்டுவிட்டார். நியாயமாக அந்த ஆள் பேன்ட்டை மடித்துவிட்டுத் தொட்டிக்குள் நிற்கவேண்டும்.

இன்னொன்றையும் தேடிப் பார்த்தேன். ஏசாயா புத்தகத்தில் ஆங்கில பைபிள் 'ஃபுல்லரின் வயல்' என்று சொல்லும் இடத்தைத் தமிழ் பைபிளில் 'வண்ணார் துறை' என்று வைத்திருக்கிறார்கள். பருத்தி நாட்டுக்குக் கம்பளி மிதிப்பவருக்கான சொல் எதற்கு? மொழிபெயர்த்தவர் செய்தது சரி என்றே படுகிறது. துறை என்ற சொல்லில் தண்ணீராவது வந்துவிட்டது.

ஜூலை 13, ஞாயிறு

அடுத்து சாயத்தொழில். தெற்கே டையர், வடக்கே லிஸ்டர். தரவு எடுத்தாகிவிட்டது, இந்த முறை முதலிலேயே பத்தாயிரத்துக்குக் கணக்கிட்டுவிட்டேன். யார்க்ஷையர் லிஸ்டருக்கு எரிகிறது. டையருக்கு சாமர்செட் பக்கம் சிவக்கிறது, மற்ற மாவட்டங்கள் இன்னும் பாக்கி.

மிதித்த துண்டைக் காணோம் என்று தேடினேன். சமையலறை மேடையில் குக்கருக்கு அடியில் இருக்கிறது. சூடு தாங்குகிறதாம். இன்னொன்று வேண்டும் என்று அம்மா கேட்டிருக்கிறார்.